ஃபார்மட் போடும் முன்: விண்டோஸுக்குள்ளேயே இருக்கும் அப்டேட் பழுதுக் கருவிகள் எப்படி?

விண்டோஸ் அப்டேட் பாதியில் நின்று, கணினி ஒவ்வொரு முறையும் ‘மாற்றங்களைத் திரும்பப் பெறுகிறோம்’ என்று காட்டிவிட்டுப் பழைய நிலைக்கே வந்தால், காதில் விழும் முதல் யோசனை ஒன்றுதான்: “ஃபார்மட் போட்டுடுங்க, சரியாயிடும்.” ஃபார்மட் போட்டால் சரியாகும், மறுக்கவில்லை. கூடவே என்னவெல்லாம் போகும் என்பதைத்தான் யாரும் சொல்வதில்லை. நான் புத்தகங்களுக்குப் பக்கம் வடிவமைக்கிறவள். நூற்றுக்கணக்கில் ஃபாண்ட்கள், பழைய எழுத்துருவில் வந்த கோப்புகளை யூனிகோடுக்கு மாற்றும் சின்னச் சின்ன மென்பொருள்கள், இனி எங்கும் வாங்க முடியாத பழைய பதிப்பு ஒன்றின் லைசென்ஸ் என்று எல்லாம் ஒரே கணினியில் இருக்கின்றன. ஃபார்மட் போட்டால் என் கோப்புகளை பேக்கப்பிலிருந்து எடுத்துவிடலாம். வேலை செய்யும் அந்தச் சூழலை எந்த பேக்கப்பிலிருந்து எடுப்பது?

அதனால் அப்டேட் சிக்கல் வந்தால் விண்டோஸோடு வரும் கருவிகளை ஒன்றுவிடாமல் பயன்படுத்திப் பார்த்துவிடுவது என் வழக்கம். என்னுடையது மட்டுமல்ல, கூட வேலை செய்கிறவர்களின் கணினிகளும் என் மேசைக்கு வருவதுண்டு. இங்கே எழுதுவது அந்தக் கருவிகளைப் பற்றித்தான். ‘ஒரே கிளிக்கில் எல்லாம் சரி’ என்று விற்கப்படும் வெளி மென்பொருள்களை இதில் சேர்க்கவில்லை. அவற்றில் உருப்படியாக இருப்பது பெரும்பாலும் இதே கருவிகளை வேறு முகப்பு வைத்து ஓட்டுவதுதான்; மிச்சம், யாரும் கேட்காத ரெஜிஸ்ட்ரி (விண்டோஸ் தன் அமைப்புகளைக் குறித்துவைக்கும் பதிவேடு) சுத்தம். அது எனக்கு வேண்டாம்.

முதலில் எரர் கோடு. அதையும் ஒரு கருவியாகத்தான் நான் பார்க்கிறேன். செட்டிங்ஸில் அப்டேட் ஹிஸ்டரியைத் திறந்தால், தோற்றுப்போன அப்டேட்டுக்குப் பக்கத்தில் ‘0எக்ஸ்’ என்று தொடங்கும் ஓர் எண் இருக்கும். பார்க்கப் புரியாத எண்தான், ஆனால் படிக்க ஒரு வழி இருக்கிறது. 8007 என்று தொடங்கினால், அது விண்டோஸின் பொதுவான பிழைப் பட்டியலைச் சேர்ந்தது. கடைசி நான்கு இலக்கங்கள் பதினாறடிமான எண். விண்டோஸ் கால்குலேட்டரில் ‘புரோகிராமர்’ முறைக்குப் போய் அதைச் சாதாரண எண்ணாக மாற்றலாம். உதாரணமாக 80070070. கடைசியில் உள்ள 70, சாதாரண எண்ணில் 112. கமாண்ட் பிராம்ப்ட்டில் (கட்டளைகளைத் தட்டச்சு செய்யும் ஜன்னல்) ‘நெட் ஹெல்ப்எம்எஸ்ஜி 112’ என்று ஆங்கிலத்தில் அடித்தால், டிஸ்க்கில் இடம் போதவில்லை என்று கணினியே சொல்லிவிடும். 80070005 என்றால் 5, அதாவது அனுமதி மறுக்கப்பட்டது. 80070002 என்றால் 2, தேடிய ஃபைல் இல்லை.

டிஸ்க்கில் இடம் இல்லாததற்காக ஃபார்மட் போட்டவர்களை எனக்குத் தெரியும். ஃபார்மட் போட்டதும் இடம் வந்துவிடுகிறது, அப்டேட்டும் ஏறிவிடுகிறது. ‘பார்த்தீர்களா, ஃபார்மட்தான் மருந்து’ என்ற நம்பிக்கையும் உறுதியாகிவிடுகிறது. டவுன்லோட்ஸ் ஃபோல்டரைக் காலிசெய்தாலே முடிந்திருக்கும் வேலை அது. விண்டோஸ் இந்த எண்ணைக் காட்டும் இடத்திலேயே ‘இடம் போதவில்லை’ என்று தெளிவாக எழுதியிருந்தால் எத்தனையோ பேருக்கு ஒரு நாள் மிச்சமாகியிருக்கும். சில பிழைகளுக்கு இப்போது அப்படி எழுதுகிறார்கள். எல்லாவற்றுக்கும் வர வேண்டும்.

அடுத்து டிரபிள்ஷூட்டர், சிக்கலைத் தேடித் தானே சரிசெய்யப் பார்க்கும் கருவி. விண்டோஸ் 10-இல் செட்டிங்ஸுக்குள் இருக்கும், விண்டோஸ் 11-இல் ‘கெட் ஹெல்ப்’ செயலிக்குள் போய்விட்டது. அப்டேட் சேவை நின்றிருந்தால் ஓட வைக்கும், தாற்காலிக ஃபைல்களைத் துடைக்கும். ஓட்டிப் பார்ப்பதில் நஷ்டம் இல்லை, ஓட்டுங்கள். பிரச்சினை ஆழமாக இருந்தால் இதனால் ஆகாது.

யூடியூபில் எல்லோரும் காட்டும் வைத்தியம் ‘சாஃப்ட்வேர்டிஸ்ட்ரிபியூஷன்’ ஃபோல்டரின் பெயரை மாற்றுவது. சி டிரைவில் விண்டோஸ் ஃபோல்டருக்குள் இருக்கிறது. இறக்கிய அப்டேட்கள் இங்கேதான் வந்து சேரும், அப்டேட் வரலாற்றின் பதிவும் இங்கேதான். அப்டேட் சேவையையும் பின்னணியில் டவுன்லோட் செய்யும் பிட்ஸ் சேவையையும் நிறுத்திவிட்டு, இதன் பெயரோடு ‘ஓல்டு’ என்று சேர்த்துவிட்டு, இரண்டையும் மறுபடி ஓடவிட்டால் விண்டோஸ் புதிதாக ஒன்றை உருவாக்கிக்கொள்ளும். அப்டேட் ஹிஸ்டரிப் பட்டியல் வெறுமையாகத் தெரியும், பயப்பட வேண்டாம், ஏற்கெனவே ஏறிய அப்டேட்கள் எங்கும் போகாது. டவுன்லோட் பாதியில் கெட்டுப்போயிருந்தால், 20 சதவீதத்திலேயே நாள்கணக்கில் நின்றால், இது நன்றாக வேலை செய்யும். டவுன்லோட் முழுதாக முடிந்து, இன்ஸ்டால் ஆகும்போது தோற்றால் பெரும்பாலும் இதனால் பயனில்லை. எல்லா நோய்க்கும் இதையே சொல்கிறார்கள் என்பதுதான் என் குறை. கருவியின் குறையல்ல அது.

இனி என் மதிப்பில் உண்மையிலேயே உழைக்கும் இரண்டு: டிஸம், எஸ்எஃப்சி. இரண்டுக்கும் முகப்பு கிடையாது, கமாண்ட் பிராம்ப்ட்டை அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறந்து அடிக்க வேண்டும். அதைப் பார்த்தே பலர் ஒதுங்கிவிடுகிறார்கள். ஒதுங்க வேண்டாம், அடிக்க வேண்டியது இரண்டே வரி.

விண்டோஸ் தன் பாகங்களின் நல்ல பிரதிகளை ‘வின்எஸ்எக்ஸ்எஸ்’ என்ற ஃபோல்டரில் வைத்திருக்கிறது. அதை ஒரு கிடங்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். எஸ்எஃப்சியின் வேலை, ஓடிக்கொண்டிருக்கும் விண்டோஸில் கெட்டுப்போன ஃபைலைக் கண்டுபிடித்து, கிடங்கிலிருந்து நல்லதை எடுத்துப் போடுவது. அந்தக் கிடங்கே கெட்டிருந்தால்? அதைச் சரிசெய்யத்தான் டிஸம். ‘ரிஸ்டோர்ஹெல்த்’ என்ற கட்டளையோடு ஓட்டினால், மைக்ரோசாஃப்ட்டின் அப்டேட் சர்வரிலிருந்தே நல்ல பாகங்களை வரவழைத்துக் கிடங்கை நிரப்பும். எனவே முதலில் டிஸம், அப்புறம் எஸ்எஃப்சி. நிறைய இடங்களில் இதைத் தலைகீழாகச் சொல்லித் தருகிறார்கள். எஸ்எஃப்சி மட்டும் ஓட்டி, ‘கெட்ட ஃபைல்கள் இருக்கின்றன, சிலவற்றைச் சரிசெய்ய முடியவில்லை’ என்று வந்ததும் கைவிட்டுவிடுகிறார்கள். அந்த வரியின் பொருளே ‘கிடங்கைப் பாருங்கள்’ என்பதுதான்.

டிஸம் ஓடும்போது பொறுமை வேண்டும். சதவீதம் 62.3-இல் வந்து அசையாமல் நிற்பதைப் பலர் பார்த்திருப்பார்கள். செத்துவிட்டது என்று நினைத்து ஜன்னலை மூடிவிடாதீர்கள், உள்ளே வேலை நடந்துகொண்டுதான் இருக்கும். டாஸ்க் மேனேஜரைத் திறந்துவைத்தால் டிஸ்க்கும் பிராசஸரும் உழைப்பது தெரியும். சில நேரம் 800எஃப்081எஃப் என்ற எண்ணோடு நின்றுவிடும். தேவையான பாகங்கள் கிடைக்கவில்லை என்று அதற்குப் பொருள். அப்போது மைக்ரோசாஃப்ட் தளத்திலிருந்து விண்டோஸின் ஐஎஸ்ஓ ஃபைலை (முழு விண்டோஸும் அடங்கிய ஒரே ஃபைல்) இறக்கி, பாகங்களை எடுக்க வேண்டிய ‘சோர்ஸ்’ இதுதான் என்று டிஸமுக்குக் காட்டலாம். உங்கள் கணினியில் இருக்கும் அதே பதிப்பாக அது இருக்க வேண்டும், அதில் கவனம்.

80073712 என்ற எண்ணோடு மாதாந்தர அப்டேட் தோற்றால், கிடங்கில் பாகம் குறைகிறது அல்லது கெட்டிருக்கிறது என்று பொருள். டிஸம் நேரடியாகக் குறிவைக்கும் நோய் அது. அந்த எண்ணைப் பார்த்தால் எனக்குப் பாதி நிம்மதி, மருந்து கைவசம் இருக்கிறதே.

மாதாந்தர அப்டேட்டை விட்டு, வருடத்துக்கு ஒருமுறை வரும் பெரிய பதிப்பு மாற்றத்துக்கு வந்தால் கதை வேறு. அங்கே வரும் கோடு பெரும்பாலும் சி1900101. ஏதோ ஒரு டிரைவர் (ஒரு சாதனத்தை விண்டோஸோடு பேசவைக்கும் மென்பொருள்) குறுக்கே நிற்கிறது என்று பெரும்பாலும் பொருள். எந்த டிரைவர்? அதைக் கோடு சொல்லாது. பின்னாலேயே வரும் இரண்டாவது எண்ணில் ஒரு துப்பு மட்டும் இருக்கும்: அது 2-இல் தொடங்கினால், புது விண்டோஸ் முழுதாக எழுவதற்கு முந்தைய கட்டத்தில் தோற்றது, 3-இல் தொடங்கினால், புது விண்டோஸ் முதல்முறை எழும்போது தோற்றது. இந்த இடத்தில் கைகொடுப்பது ‘செட்டப்டயக்’. மைக்ரோசாஃப்ட்டே இலவசமாகத் தருவது, சமீபத்திய விண்டோஸ் செட்டப்போடு சேர்ந்தே வருகிறது. அப்டேட் தோற்றபோது எழுதப்பட்ட பெரிய பெரிய லாக் ஃபைல்களை எல்லாம் நமக்காகப் படித்து, காரணத்தைச் சில வரிகளில் எழுதித் தருகிறது.

இதைப் பற்றி யாரும் பேசுவதே இல்லை என்பது எனக்கு ஆதங்கம். எங்கள் மெய்ப்புத் திருத்துநர் ஒருவரின் லேப்டாப்பில் பெரிய அப்டேட் ஒவ்வொரு முறையும் ரீஸ்டார்ட்டுக்குப் பிறகு சுற்றிக்கொண்டே நின்று, கடைசியில் பழைய பதிப்புக்கே திரும்பிவிடும். இரண்டாவது எண் 30018. “அக்கா, வெளியில காட்டினேன், ஃபார்மட்தான்னு சொல்லிட்டாங்க” என்று கொண்டுவந்து வைத்தாள். செட்டப்டயக் எழுதிய அறிக்கையைத் திறந்தோம். ஒரு சாதனத்தின் டிரைவரை ஏற்றும்போது செட்டப் தொங்கிப்போனது என்று எழுதி, சாதனத்தின் பெயரையும் கொடுத்திருந்தது. வீட்டில் எந்தக் காலத்திலோ வைத்திருந்து, பிறகு யாருக்கோ கொடுத்துவிட்ட ஸ்கேனர். சாதனம் போய்விட்டது, டிரைவர் மட்டும் உள்ளே உட்கார்ந்திருக்கிறது. டிவைஸ் மேனேஜரில் ‘மறைந்திருக்கும் சாதனங்களைக் காட்டு’ என்று தேர்ந்தெடுத்தால் அது மங்கலான எழுத்தில் தெரிந்தது. டிரைவரோடு சேர்த்து நீக்கினோம். அன்றைக்கே அப்டேட் ஏறிவிட்டது. அவளுடைய வேர்டு அகராதியில் பல வருடமாகச் சேர்த்திருந்த சொற்கள் ஒன்றுகூடப் போகவில்லை. அதுதான் எனக்குப் பெரிய சந்தோஷம்.

எல்லாக் கருவியும் சேர்ந்தும் தீர்க்காத சிக்கல்களும் உண்டு, மறைப்பதற்கில்லை. 2024 ஜனவரியில் விண்டோஸ் 10-க்கு வந்த கேபி5034441 அதற்கு நல்ல உதாரணம். அந்த அப்டேட்டின் நோக்கம், பிட்லாக்கர் (டிஸ்க்கில் உள்ளதைப் பூட்டிவைக்கும் விண்டோஸ் வசதி) பூட்டைத் தாண்ட வழிவிட்ட ஓர் ஓட்டையை, விண்டோஸ் எழாதபோது உதவும் ரெக்கவரி பகுதியில் அடைப்பது. டிஸ்க்கில் அந்தப் பகுதிக்கென ஒதுக்கிய ரெக்கவரி பார்ட்டிஷனில் 250 எம்பி காலியாக இல்லாத கணினிகளில் எல்லாம் அது 80070643 என்ற எண்ணோடு தோற்றது. அந்த எண்ணை மேலே சொன்னபடி மாற்றினால் 1603 வரும், ‘இன்ஸ்டால் செய்யும்போது பெரும் பிழை’ என்று மட்டும் சொல்லும். இடம் போதாததுதான் காரணம் என்று அதிலிருந்து யாருக்கு விளங்கும்? டிஸம் ஓட்டினாலும் பயனில்லை, கிடங்கில் குறை ஒன்றுமில்லையே. ரெக்கவரியைத் தாற்காலிகமாக அணைத்து, முதன்மைப் பார்ட்டிஷனைக் கொஞ்சம் சுருக்கி, ரெக்கவரி பார்ட்டிஷனைப் பெரிதாக்கச் சொல்லி மைக்ரோசாஃப்ட் வழிமுறை கொடுத்தது. பார்ட்டிஷனில் கைவைப்பது சாதாரண ஆள் செய்கிற வேலை இல்லை. ஒரு எழுத்து மாறினால் டேட்டா போகும். அந்த நிலையில் யாராவது அந்த அப்டேட்டையே போடாமல் விட்டுவிட்டிருந்தால், பிட்லாக்கர் பயன்படுத்தாத வீட்டுக் கணினி என்றால், நான் தப்பு சொல்ல மாட்டேன்.

சரி, என் முதல் மதிப்பெண் எதற்கு என்று சொல்லிவிடுகிறேன். எதையும் இழக்காமல் விண்டோஸின் மேலேயே விண்டோஸை மறுபடி போடும் வசதிக்குத்தான். விண்டோஸ் 11-இல் 2024 தொடக்கத்திலிருந்து இது செட்டிங்ஸிலேயே வந்துவிட்டது. சிஸ்டம், அதற்குள் ரெக்கவரி, அதில் ‘ஃபிக்ஸ் பிராப்ளம்ஸ் யூசிங் விண்டோஸ் அப்டேட்’ என்ற வரி, பக்கத்தில் ‘ரீஇன்ஸ்டால் நவ்’ பொத்தான். அழுத்தினால், இப்போது இருக்கும் அதே பதிப்பைப் புதிதாக இறக்கி மேலே போடும். கோப்புகள், மென்பொருள்கள், செட்டிங்ஸ் மூன்றும் இருந்த இடத்தில் இருக்கும். பென்டிரைவ் வேண்டாம், ஐஎஸ்ஓ வேண்டாம், ஆள் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கவும் வேண்டாம்.

இதற்குக் கீழேயே ‘ரீசெட் திஸ் பிசி’ என்று இன்னொன்று இருக்கிறது. இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது, இதைக் கொஞ்சம் அழுத்தியே சொல்கிறேன். ரீசெட்டில் ‘என் ஃபைல்களை வைத்துக்கொள்’ என்று தேர்ந்தெடுத்தாலும், நாம் போட்ட மென்பொருள்கள் போய்விடும். ஃபைல்கள் மட்டுந்தான் மிஞ்சும். பக்க வடிவமைப்பு, கணக்கு, இசைப்பதிவு என்று மென்பொருளை நம்பி வேலை செய்கிறவர்களுக்கு ரீசெட்டும் ஃபார்மட்டும் கிட்டத்தட்ட ஒன்றுதான். திரையில் இரண்டு பொத்தான்களும் ஏறக்குறைய ஒரே மாதிரி, ஒன்றன்கீழ் ஒன்றாக இருப்பது எனக்குப் பிடிக்கவில்லை. விளைவில் இவ்வளவு வித்தியாசம் இருக்கும்போது தோற்றத்திலும் வித்தியாசம் இருக்க வேண்டாமா?

விண்டோஸ் 10 வைத்திருப்பவர்கள் இதையே ஐஎஸ்ஓ ஃபைல் மூலம் செய்யலாம். ஃபைலை இரட்டைக் கிளிக் செய்தால் ஒரு டிரைவாகத் திறக்கும், அதில் உள்ள செட்டப்பை ஓட்ட வேண்டும். விண்டோஸ் ஓடிக்கொண்டிருக்கும்போதே ஓட்ட வேண்டும் என்பது முக்கியம். பென்டிரைவிலிருந்து பூட் செய்து போட்டால் மென்பொருள்களைத் தக்கவைக்கும் வாய்ப்பே வராது. ஐஎஸ்ஓவின் மொழியும் எடிஷனும் ஏற்கெனவே இருப்பதோடு ஒத்துப்போக வேண்டும், இல்லாவிட்டால் ‘ஃபைல்களையும் ஆப்களையும் வைத்துக்கொள்’ என்ற வரி மங்கிப்போய்த் தேர்ந்தெடுக்க முடியாதபடி இருக்கும். கடைசித் திரையில் ‘இன்ஸ்டால்’ பொத்தானுக்கு மேலே எவையெல்லாம் தங்கும் என்று இரண்டு வரியில் எழுதியிருக்கும். நான் அதை வாய்விட்டுப் படித்துவிட்டுத்தான் அழுத்துவேன். சி டிரைவில் 20 ஜிபி-க்கு மேல் காலி வைத்துக்கொள்வதும், வெளிநிறுவன ஆன்டிவைரஸ் இருந்தால் முன்கூட்டியே நீக்குவதும், வேண்டாத யூஎஸ்பி சாதனங்களைக் கழற்றிவிடுவதும் என் பழக்கம். முடிந்ததும் ஃபாண்ட் பட்டியலைத்தான் முதலில் திறந்து பார்ப்பேன். இதுவரை ஒரு ஃபாண்ட்கூடக் குறைந்ததில்லை.

நேரம் பிடிக்கும் என்பதைத் தவிர இதில் பெரிய குறை தெரியவில்லை. டிஸமும் எஸ்எஃப்சியும் தோற்ற இடத்தில்கூட இது பெரும்பாலும் ஜெயிக்கிறது, கிடங்கையே மொத்தமாகப் புதுசு போட்டுவிடுகிறதே. சில பாதுகாப்பு, தனியுரிமைச் செட்டிங்ஸ் மட்டும் பழைய நிலைக்குப் போயிருக்கின்றனவா என்று ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

அப்டேட்டுக்குப் பிறகு விண்டோஸே எழவில்லை என்றால், மேலே சொன்ன எதையும் வழக்கமான முறையில் ஓட்ட முடியாது. தொடர்ந்து சில முறை எழ முடியாமல் போனால் கணினி தானாகவே நீலநிற ரெக்கவரித் திரைக்கு வரும். அங்கே ‘அன்இன்ஸ்டால் அப்டேட்ஸ்’ இருக்கிறது. மாதாந்தர அப்டேட், பெரிய பதிப்பு அப்டேட் இரண்டுக்கும் தனித்தனி வரி. நேற்று வந்தது எதுவோ அதை நீக்கினால் போதும். பெரிய பதிப்பைத் திரும்பப் பெற வழக்கமாக 10 நாள்தான் அவகாசம், அதற்குப் பிறகு பழைய பதிப்பின் ஃபைல்களை விண்டோஸே துடைத்துவிடும். இந்தத் திரையில் சில நேரம் பிட்லாக்கரின் 48 இலக்க ரெக்கவரி எண் கேட்கும். பெரும்பாலும் அது உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் சேமிக்கப்பட்டிருக்கும். கணினி நன்றாக ஓடும்போதே அதைப் பார்த்துத் தாளில் எழுதி வைத்துவிடுங்கள். இந்த எண் இல்லாமல் டிஸ்க்கில் உள்ளதை மீட்க எந்தக் கருவியாலும் முடியாது.

இன்னொன்று. எந்தக் கருவியை ஓட்டினாலும் ஒவ்வொரு முறையும் வேறு வேறு எண்ணோடு தோற்றுக்கொண்டே இருந்தால், விண்டோஸை விட்டுவிட்டு டிஸ்க்கைச் சந்தேகப்படுங்கள். ஈவென்ட் வியூவரில் ‘சிஸ்டம்’ பதிவைத் திறந்து, ‘டிஸ்க்’ என்ற பெயரில் 7 என்ற எண்ணோடு சிவப்பு வரிகள் வந்திருக்கின்றனவா என்று பாருங்கள். டிஸ்க்கில் கெட்ட பகுதி இருக்கிறது என்று அதற்குப் பொருள். அது தெரிந்தால் டிஸம், ரீஇன்ஸ்டால் எதையும் ஓட்ட வேண்டாம்; ஓட்டினால் நலிந்த டிஸ்க் மேலும் நலியும். முதலில் கோப்புகளையும் ஃபாண்ட்களையும் வேறு டிஸ்க்குக்கு எடுத்துவிடுங்கள், அப்புறம் டிஸ்க்கை மாற்றுங்கள். விண்டோஸை முதலிலிருந்து புதிதாகப் போடுவது அந்தப் புது டிஸ்க்கில்தான்.